கேஸ் அடுப்பை மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

புது அடுப்பு வாங்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வந்திருந்தால், ஒன்றை மட்டும் அச்சிட்டிருக்கிறோம்.

வாசகி, கும்பகோணம்: எங்கள் வீட்டு இரண்டு பர்னர் ஸ்டீல் அடுப்புக்கு 14 வயது ஆகிறது. எரிகிறது, ஆனால் தீ முன்போல் இல்லை. ரிப்பேர் செய்தால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா?

முதலில் பர்னரைத் தூக்கிவிட்டு, அடியில் இருக்கும் குழாயைப் பாருங்கள். கேஸும் காற்றும் கலப்பது அந்தக் குழாயில்தான். பொங்கி வழிந்த பாலும் ரசமும் வருடக்கணக்கில் இறங்கியதால் அது அரித்து ஓட்டை விழுந்திருந்தால் ரிப்பேருக்குச் செலவு செய்யாதீர்கள். கேஸ் பர்னருக்குப் போகும் முன்பே அடுப்புக்கு அடியில் கசியும். பாத்திரம் உட்காரும் தாங்கி வளைந்து, குக்கர் ஒரு பக்கம் சாய்ந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. வளைந்த தாங்கியில் பாத்திரத்துக்கும் தீக்கும் உள்ள இடைவெளி கெட்டுவிடும். தீயின் நுனி பாத்திரத்தைத் தொடாமல் வெளியே போய்விடும்.

குழாயும் தாங்கியும் நன்றாக இருந்து, பர்னர் துளைகள் மட்டும் அடைத்திருந்தால் பர்னர், ஜெட் (கேஸ் பீய்ச்சி வரும் சின்னத் துளையுள்ள பித்தளை முனை), நாப் (திருப்பும் பிடி) மூன்றையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். நாப் இறுகிப்போய் பலம் கொடுத்துத் திருப்ப வேண்டியிருந்தால், உள்ளே வால்வில் கிரீஸ் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் சில நாளில் ஓடிவிடும், பிறகு வால்வில் கசிவு தொடங்கும். கேஸ் வால்வுக்கென்று இருக்கும் கிரீஸை மெக்கானிக் போட வேண்டும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். எல்.பி.ஜி. அடுப்புக்கான தரக்குறியீடு ஐ.எஸ். 4246. இதன்படி கேஸின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதமாவது பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் பழைய அடுப்பு 58-க்கு இறங்கியிருந்தால், எரியும் கேஸில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வீணாகிறது. ஏழாவது சிலிண்டர் முழுக்க அதற்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பெட்டியைப் பார்க்காமல் அடுப்பின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அந்த 4246 எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாசகர், மதுரை: மூன்று பர்னர் கண்ணாடி அடுப்பு வாங்கினோம். தோசைக்கல்லும் குக்கரும் ஒரே நேரத்தில் வைக்க முடியவில்லை. மூன்று இருந்தும் இரண்டைத்தான் பயன்படுத்துகிறோம்.

கடையில் யாரும் சொல்லாத அளவு ஒன்று உண்டு. ஒரு பர்னரின் நடுவிலிருந்து அடுத்த பர்னரின் நடுவுக்கு எத்தனை செ.மீ. என்பதுதான் அது. வாங்கப் போகுமுன் வீட்டில் இரண்டு பாத்திரங்களை அளந்துகொள்ள வேண்டும். தோசைக்கல்லின் விட்டம் 30 செ.மீ., 5 லிட்டர் குக்கரின் விட்டம் 24 செ.மீ. என்று வைப்போம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 27. குக்கரின் கைப்பிடி திரும்பவும், தோசைத்திருப்பி நுழையவும் இன்னும் 4, 5 செ.மீ. வேண்டும். ஆக 32 செ.மீ. இடைவெளி இல்லாத இரண்டு பர்னர்களில் இந்த ஜோடி உட்காராது. மூன்று பர்னர் அடுப்பில் நடுவில் இருப்பது பெரும்பாலும் பால் காய்ச்சவும் தாளிக்கவும் மட்டும்தான் சரிப்படும்.

வாங்கியாகிவிட்டதால் இப்போதைக்கு ஒரு வழி: தோசைக்கல்லை இடது ஓரத்துப் பர்னரிலும் குக்கரை வலது ஓரத்திலும் வைத்து, குக்கரின் நீளக் கைப்பிடியை வெளிப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். கைப்பிடி நடுப் பர்னரின் தீக்கு மேல் நீண்டிருந்தால் பேக்கலைட் கருகி, திருகு தளர்ந்துவிடும்.

வாசகி, கோவை: இரவில் யாரும் தொடாதபோது அடுப்பின் கண்ணாடி தானாக உடைந்து சிதறியது. கடைக்காரர் எங்கள் மேல்தான் தவறு என்கிறார். ஏன் இப்படி ஆகிறது?

டஃபன் செய்த (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துப் பலப்படுத்திய) கண்ணாடியின் வெளிப்பரப்பு உள்நோக்கி அழுத்தத்திலும், உள்பகுதி வெளிநோக்கி இழுவிசையிலும் இருக்கும். அதன் பலமே அதில்தான் இருக்கிறது. ஆனால் எங்காவது ஒரு கீறல் அந்த மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே போய்விட்டால் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாகிவிடும். கீறல் விழுந்த உடனே உடைய வேண்டும் என்பதில்லை. காலையில் விழுந்த கீறல் இரவில் கண்ணாடி ஆறிச் சுருங்கும்போது வேலையைக் காட்டலாம். தயாரிக்கும்போதே கண்ணாடிக்குள் தங்கிவிடும் நுண்ணிய நிக்கல் சல்ஃபைடு துகளாலும் இப்படி நடப்பதுண்டு. எனவே 'நீங்கள்தான் உடைத்தீர்கள்' என்று பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. வாரண்டி அட்டையில் கண்ணாடி தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பில்லோடு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

நம் பக்கம் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. சூடாக இருக்கும் கண்ணாடியில் ஈரத்துணி போடுவது, பர்னரை விட மிக அகலமான அண்டாவை மணிக்கணக்கில் ஏற்றி வைப்பது, இடுக்கியைக் கண்ணாடி விளிம்பில் தட்டுவது. விளிம்புதான் அதன் பலவீனமான இடம். அகலப் பாத்திரம் வைத்தால் தீயின் வெப்பம் மேலே போக வழியில்லாமல் கீழே திரும்பிக் கண்ணாடியைச் சுடும். தினமும் பெரிய பாத்திரத்தில் சமைக்கும் குடும்பத்துக்கு ஸ்டீல் அடுப்பையே சொல்வோம்.

வாசகர், விழுப்புரம்: புது அடுப்பை நாமே மாட்டலாமா? எதிலிருந்து தொடங்குவது, எதில் தவறு நேரும்?

சிலிண்டரோடு இணையும் தனி அடுப்பாக இருந்தால் மாட்டலாம். கல்லில் பதிக்கும் ஹாப், செம்புக்குழாய் இணைப்பு, குழாய் எரிவாயு இந்த மூன்றையும் தொடாதீர்கள்.

பழைய அடுப்பில் ஒரு பர்னரை எரியவிட்டு, ரெகுலேட்டர் நாபை மூடுங்கள். ட்யூபில் மிச்சம் இருக்கும் கேஸ் எரிந்து தீ தானாக அணையும். பிறகு அடுப்பின் நாப்களை மூடுங்கள். இந்த ஒரு நிமிடப் பொறுமை இல்லாமல் ட்யூபை உருவுபவர்கள்தான் சமையலறை முழுவதும் கேஸ் வாடையைப் பரப்பிக்கொள்கிறார்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, நைலான் கயிற்றில் தொங்கும் மூடியைச் சிலிண்டர் வால்வில் 'டக்' என்று ஏறும்வரை அழுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூஜை விளக்கு அருகில் எரிந்தால் அணைத்துவிடுங்கள்.

அடுப்பை மாற்றும்போது ட்யூபையும் மாற்றுங்கள். இதை வேண்டுகோளாகவே வைக்கிறோம். ஆயிரக்கணக்கில் கொடுத்து அடுப்பு வாங்கிவிட்டு, வெடிப்பு விட்ட பழைய ட்யூபை அதில் செருகுபவர்கள் ஏராளம். உள்ளே கம்பி வலை உள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபின் ஆயுள் 5 ஆண்டு. அதன் மேலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ட்யூபை விரலில் லேசாக வளைத்தால் மெல்லிய கோடுகளாக வெடிப்பு தெரிந்தால், ஆண்டு மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம்.

இங்கேதான் புது அடுப்பு ஒரு சிக்கலைக் கொண்டுவரும். பழைய அடுப்பில் ட்யூபைச் செருகும் முனை, அதாவது நாசில், வலது பக்கம் இருந்திருக்கும், புதியதில் இடது பக்கமோ பின்பக்கமோ இருக்கும். ட்யூப் எட்டாது. உடனே இரண்டு துண்டு ட்யூபை நடுவில் ஒட்டுப்போடுவதும், அடுப்புக்கு அடியில் இழுத்து மறுபக்கம் கொண்டுபோவதும் வழக்கம். இரண்டும் ஆபத்து. வாங்கும்போதே நாசில் எந்தப் பக்கம், அது சுழலும் வகையா என்று கேளுங்கள். எட்டவில்லையென்றால் சிலிண்டரை இடம் மாற்றுங்கள்.

ட்யூபின் நுனியை ஈரப்படுத்தி, நாசிலின் வளையங்கள் எல்லாம் மறையும்வரை திருகித் திருகி ஏற்றுங்கள். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

இனி கசிவுச் சோதனை. அரை டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்குங்கள். அடுப்பின் நாப்கள் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, ட்யூபின் இரண்டு முனைகளிலும் ரெகுலேட்டர் வால்வில் உட்காரும் இடத்திலும் சின்ன பிரஷால் தடவுங்கள். ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். பெரிய குமிழி வர வேண்டும் என்பதில்லை. கடுகு அளவில் நுரை ஒரே இடத்தில் மெதுவாகத் திரண்டுகொண்டே இருந்தால் அதுவும் கசிவுதான். தீக்குச்சியால் சோதிக்கவே கூடாது. ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் நுரை வந்தால், பெரும்பாலும் சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். மூடியைப் போட்டுவிட்டு ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். மூடி போட்டும் வாடை நிற்கவில்லையென்றால் சிலிண்டரை வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு 1906-க்கு அழையுங்கள். இது 24 மணி நேர அவசர எண்.

முதல் முறை பற்றவைக்கும்போது ட்யூபில் காற்று இருப்பதால் உடனே பிடிக்காது. ஐந்து விநாடியில் பிடிக்கவில்லையென்றால் நாபை மூடி, அரை நிமிடம் கழித்து மறுபடி முயலுங்கள். திறந்துவைத்தபடி லைட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தால் தேங்கிய கேஸ் 'பக்'கென்று பிடித்து முகத்துக்கு வரும்.

வாசகி, நாகர்கோவில்: புது அடுப்பு வந்து ஒரு வாரத்தில் பாத்திரங்களின் அடி கரி பிடிக்கிறது. தீ மஞ்சளாக இருக்கிறது.

கேஸோடு காற்று போதுமான அளவு கலக்கவில்லை. பர்னரின் மேல்மூடி அதன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழுவிவிட்டு அவசரமாக வைத்தால் இப்படி ஆகும். அடுத்தது ஈரம்: கழுவிய பர்னரின் உள்ளே தண்ணீர் நின்றிருந்தால் தீ மஞ்சளாகித் துடிக்கும். வெயிலில் கவிழ்த்து நன்றாகக் காய வையுங்கள். மூன்றாவது, காற்று நுழையும் வாய். அடுப்புக்கு அடியில் ஜெட்டை ஒட்டி இருக்கும் அந்தச் சின்னத் திறப்பில் சிலந்திக்கூடோ பேக்கிங் தெர்மோகோல் துணுக்கோ இருக்கலாம். சில மாடல்களில் அதற்கு ஒரு தகடு உண்டு. அதை நகர்த்தி நீலத்தீ வரும்வரை சரிசெய்யலாம். ரொம்பத் திறந்துவிட்டால் தீ பர்னரை விட்டு எழும்பி 'உஸ்' என்று சத்தம் போடும். அப்போது கொஞ்சம் மூடுங்கள்.

பித்தளை பர்னரின் துளையை ஊக்கால் குத்திச் சுத்தம் செய்யலாம், புளித்தண்ணீரில் அரை மணி ஊறவைத்துத் தேய்க்கலாம். ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மிருதுவான பித்தளையில் ஊசி பட்டுத் துளை கொஞ்சம் விரிந்தாலும் கேஸ் கூடுதலாகப் பாய்ந்து நிரந்தரமாக மஞ்சள் தீதான். இதையெல்லாம் பார்த்தும் சரியாகாவிட்டால் வாரண்டியில் ஆளை வரவழையுங்கள். புது அடுப்பில் தவறான ஜெட் பூட்டியிருப்பதும் நடக்கக்கூடியதே.

வாசகர், திருநெல்வேலி: அம்மாவுக்கு 76 வயது. காற்றில் தீ அணைந்தாலும் கவனிப்பதில்லை. தீ அணைந்தால் கேஸும் நின்றுவிடும் அடுப்பு வாங்கலாமா?

கட்டாயம் வாங்குங்கள். பர்னரை ஒட்டி ஒரு சின்ன உலோகக் குச்சி நிற்கும். அதுதான் தெர்மோகப்பிள். தீயின் சூட்டில் அதில் உண்டாகும் நுண்ணிய மின்சாரம் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். தீ அணைந்து குச்சி ஆறியதும் வால்வு மூடிக்கொள்ளும். இதற்குச் சில விநாடிகள் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும்.

அம்மாவிடம் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள். பற்றவைத்ததும் நாபிலிருந்து கையை எடுத்தால் தீ அணைந்துவிடும். குச்சி சூடாகும்வரை, நாலைந்து விநாடி, நாபை அழுத்தியபடியே இருக்க வேண்டும். இது தெரியாமல் 'அடுப்பு ரிப்பேர்' என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. மூட்டுவலி, விரல் பிடிப்பு இருந்தால் கடையிலேயே அம்மாவை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, தீ அணையாமல் பால் வற்றிப் பாத்திரம் கருகுவதை இந்தச் சாதனம் தடுக்காது. அதற்கு நேரம் குறித்தால் தானே அணையும் டைமர் உள்ள மாடல் தேவை.

வாசகி, சென்னை: எங்கள் அடுக்ககத்துக்குக் குழாய் எரிவாயு வருகிறது. இருக்கும் அடுப்பை அப்படியே இணைக்கலாமா?

ஜெட் மாற்றாமல் இணைக்கக் கூடாது. குழாயில் வருவது மீத்தேன். ஒரே கன அளவில் எல்.பி.ஜி. தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அது தரும், வரும் அழுத்தமும் குறைவு. எனவே பெரிய துளையுள்ள ஜெட் வேண்டும். பழைய ஜெட்டில் தீ மினுக்மினுக்கென்று எரியும், சோறு வேக நேரமாகும். பின்னாளில் வீடு மாறி மறுபடி சிலிண்டருக்குப் போனால் அதைவிடக் கவனம் தேவை: பெரிய ஜெட்டில் எல்.பி.ஜி. பாய்ந்தால் தீ ஓரடி உயரத்துக்கு எழும்பும். ஜெட்டை எரிவாயு நிறுவனத்தின் ஆளே மாற்றித் தருவார். கழற்றிய பழைய ஜெட்களை ஒரு கவரில் போட்டு அடுப்பின் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால், இணைப்பு வரும்வரை பொறுத்து அந்த வாயுவுக்கென்றே செய்த அடுப்பை வாங்குங்கள்.

வாசகர், ஈரோடு: கிரானைட்டில் பதித்த ஹாப் பழுதாகிவிட்டது. அதே அளவில் வேறு கம்பெனி ஹாப் வாங்கினால் பொருந்துமா?

மேல் கண்ணாடியின் அளவைப் பார்த்து வாங்காதீர்கள். பொருந்த வேண்டியது கல்லில் வெட்டிய ஓட்டை. பழைய ஹாபைத் தூக்கிவிட்டு ஓட்டையின் நீளம், அகலம், மூலை வளைவு, கீழே டிராயர் வரை உள்ள ஆழம் நான்கையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஓட்டை கொஞ்சம் சிறியதாக இருந்தால் கல்லை இழைத்துப் பெரிதாக்கலாம். பெரியதாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, ஹாப் உள்ளே இறங்கிவிடும். மூலையில் இழைக்கும்போது கிரானைட் விரிசல் விடும் என்பதால் கல்வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள். சிலிண்டர் அதே கபோர்டுக்குள் இருந்தால் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழேதான் தேங்கும்.

வாசகி, சேலம்: கேஸை விட்டுவிட்டு இண்டக்ஷனுக்கே மாறிவிடலாம் என்று கணவர் சொல்கிறார்.

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையை இண்டக்ஷனில் செய்ய சுமார் 140 முதல் 150 யூனிட் மின்சாரம் ஆகும். இதை உங்கள் வீட்டு மின்கட்டணத்தோடு சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கீழே உள்ள யூனிட்களுக்கும் விலை கூடுகிறது. ஏற்கெனவே 450-ல் நிற்கும் வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. 200-ல் இருக்கும் வீட்டுக்குப் பரவாயில்லை.

2000 வாட் இண்டக்ஷன் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்சி போடும் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் போட்டால் பிளக் இளகும். 16 ஆம்பியர் பாயிண்ட், 2.5 சதுர மி.மீ. ஒயர், எர்த் மூன்றும் வேண்டும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். அலுமினியக் குக்கர், பித்தளை, மண்சட்டி எதுவும் ஏறாது. இரும்புத் தோசைக்கல் ஏறும், ஆனால் உள்ளே இருக்கும் சுருளின் அகலத்துக்குத்தான் சூடாகும். ஓரம் வேகாமல் நடு கருகும். எனவே ஒரு பர்னரையாவது கேஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் யோசனை.

வாசகி, புதுச்சேரி: அடுப்போடு 12 வருடப் பழைய குக்கரையும் மாற்ற வேண்டுமா? விசில் வராமல் பக்கவாட்டில் ஆவி போகிறது.

கேஸ்கெட்டை மாற்றிப் பாருங்கள். ரப்பர் இறுகினால் ஆவி பக்கத்தில்தான் போகும். புது கேஸ்கெட்டிலும் போனால் மூடியோ வாயோ நெளிந்திருக்கிறது. தட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். தண்ணீர் வற்ற எரிந்து அடி உப்பியிருந்தாலும் அப்படியே. சேஃப்டி வால்வு உருகியிருந்தால் அதே கம்பெனியின் வால்வைத்தான் போட வேண்டும். வெயிட்டும் அப்படித்தான்: வேறு குக்கரின் வெயிட் கொஞ்சம் கனமாக இருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடும். புதிதாக வாங்கினால் ஐ.எஸ். 2347 முத்திரை பாருங்கள். பருப்பை எந்தக் குக்கரிலும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை ஏறி ஆவித்துளையை அடைக்கும்.

வாசகர், தஞ்சாவூர்: பழைய அடுப்பு ஓடுகிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுக்கலாமா?

நாப்கள் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, பர்னரிலும் நாப்களின் இடுக்கிலும் சோப்புநீர் தடவிப் பாருங்கள். நுரை திரளவில்லை, குழாயில் அரிப்பு இல்லை என்றால் கொடுங்கள். பழைய ட்யூபை மட்டும் சேர்த்துக் கொடுக்காமல் இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். புது சுரக்ஷா ட்யூப் ஒன்றை வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள்.